கணக்கு முடிக்கும் நாளில் கையில் என்ன?

தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்னதாகத் தமிழக நாளிதழ்களில் ஒரு செய்தி வரும். மின்வாரியம், போக்குவரத்துக் கழகங்கள் போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் சி, டி பிரிவு ஊழியர்களுக்கு 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை, ஆக 20 சதவீதம். தலைப்பை மட்டும் படிப்பவர்கள், சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்துவிடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். கணக்கு அப்படி இல்லை. சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் போனஸுக்கு மாதம் 7,000 ரூபாய் என்று வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். ஆண்டுக்கு 84,000; அதில் 20 சதவீதம் 16,800 ரூபாய். ரயில்வே ஊழியர்களுக்கு ‘78 நாள் சம்பளம்’ என்று அறிவிக்கப்படும் போனஸும் இதே 7,000 ரூபாய்க் கணக்கில் 17,951 ரூபாயோடு நின்றுவிடுகிறது.

தொகை சிறியதுதான். ஆனால் அதன் வரலாறு பெரியது. முதல் உலகப் போரில் லாபம் கொழித்த பம்பாய், அகமதாபாத் பஞ்சாலைகள் 1917 வாக்கில் தொழிலாளர்களுக்குப் ‘போர் போனஸ்’ கொடுத்தன. பம்பாய் முதலாளிகள் சில ஆண்டுகளில் அதை நிறுத்தினார்கள். 1924இல் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. விசாரித்த குழு, போனஸைக் கேட்டு வாங்கத் தொழிலாளிக்குச் சட்ட உரிமை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950இல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உபரி லாபத்தில் தொழிலாளிக்குப் பங்கு உண்டு என்று ஒரு சூத்திரம் வகுத்தது. 1961இல் மெஹர் தலைமையில் போனஸ் ஆணையம் அமைந்தது. 1965இல் சட்டம் வந்தது. நட்டம் வந்த ஆண்டிலும் குறைந்தபட்சம் 4 சதவீதம் கொடுத்தாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். பின்னர் அது 8.33 சதவீதமாக, அதாவது ஒரு மாதச் சம்பளத்துக்கு ஈடாக உயர்ந்தது. முதலாளி மனம்வைத்துக் கொடுத்த ஒன்று தொழிலாளியின் உரிமையாக மாற ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

சம்பளத்துக்கு மேல் கொடுக்கப்படுபவை இன்று ஏராளம்: வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ., பணிக்கொடை, மருத்துவக் காப்பீடு, கேன்டீன், பஸ், விடுதி, ஊக்கத்தொகை, பங்கு ஒதுக்கீடு. எதில் எவ்வளவு செலவு செய்தால் ஊழியர்கள் தங்குவார்கள் என்பதே மனிதவளத் துறையின் வழக்கமான கேள்வி. நான் இவற்றை வேறொரு கேள்வியால் உரசிப் பார்க்கிறேன். ஊழியர் வேலையை விட்டுக் கணக்கு முடிக்கும் நாளில் அது அவரோடு போகுமா, கம்பெனி வாசலிலேயே நின்றுவிடுமா? நல்ல திட்டம், ஏமாற்றுத் திட்டம் என்கிற வேறுபாடு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது.

நல்லெண்ணத்தோடு செய்த முதலாளிகள் இல்லாமலில்லை. ஜாம்ஷெட்பூரில் டாடா இரும்பு ஆலை 1912இலேயே எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தது. 1920இல் வைப்பு நிதியும் சம்பளத்தோடு விடுமுறையும் வந்தன. 1928இல் பேறுகாலச் சலுகை வந்தது. இவற்றில் பலவற்றை நாட்டுச் சட்டம் எட்டிப்பிடிக்கவே பல பத்தாண்டுகள் ஆயின. சென்னை பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளும் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தின. பின்னாளில் குடியிருப்புகளும் கட்டின. ஆனால் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இதே ஆலைத் தொழிலாளர்களிடையேதான். செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்கை எடுத்தார்கள், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைநின்றார். மதியச் சாப்பாட்டுக்குக் கிடைத்த அரை மணி நேரம் போதவில்லை என்பது அவர்களுடைய முதல் குறைகளில் ஒன்று. பிள்ளைக்குப் பள்ளி கிடைத்தும் தனக்குச் சோறு உண்ண நேரம் கிடைக்கவில்லை. அவர்களுக்கு என்ன தேவை என்று அவர்களையே யாரும் கேட்கவில்லை. அதன் விலை 1921இல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தமும் துப்பாக்கிச் சூடும்.

நூறாண்டு கழித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏறக்குறைய இதே காட்சி. 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் நிர்வாகம் ஒரு சலுகைப் பட்டியலை முன்வைத்தது. 2025 மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, 108 வழித்தடங்களில் ஏ.சி. பஸ், பணியில் இருக்கும்போது இறப்பவரின் குடும்பத்துக்கு உடனடியாக ஒரு லட்சம் ரூபாய், மேம்பட்ட கேன்டீன். எதுவும் அற்பமானதல்ல. ஆனாலும் போராடியவர்கள் உடனே திரும்பவில்லை, ஏனென்றால் அவர்களுடைய முதல் கோரிக்கை சங்க அங்கீகாரம். 37 நாள் கழித்துத்தான் வேலைநிறுத்தம் முடிந்தது. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில். பட்டியலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். மாதம் 5,000 ரூபாய் ஆறு மாதத்தில் நின்றுவிடும். பஸ், கேன்டீன் வேலையில் இருக்கும் வரைதான். வேலையை விட்டபின்னும் பயன்படக்கூடிய ஒரே கோரிக்கை, தங்கள் சார்பில் பேச ஒரு சங்கம் என்பது. அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு ஏறும் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

அந்த அடிப்படைச் சம்பளத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு தொழிற்பேட்டை ஊழியரின் சம்பளச் சீட்டு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடிப்படை, பஞ்சப்படி 9,600, வீட்டு வாடகைப் படி 4,800, போக்குவரத்துப் படி 1,600, சிறப்புப் படி 8,000, மொத்தம் 24,000. வைப்பு நிதியை 9,600க்கு மட்டும் பிடித்தால் 12 சதவீதம் 1,152 ரூபாய். நிர்வாகமும் அதே 1,152 கட்டும். ஆனால் அதில் 800 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்குப் போக, 352 ரூபாய்தான் வைப்பு நிதியில் சேரும். பணிக்கொடை ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், 26 நாளை ஒரு மாதமாக வகுத்து. 9,600க்கு ஆண்டுக்கு 5,538 ரூபாய் வருகிறது. ‘சிறப்புப் படி’யில் எந்தச் சிறப்பும் இல்லை. அடிப்படையைக் குறைத்துக் காட்டினால் வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாமே சேர்ந்து குறையும். அதற்காக உருவானதுதான் இந்தத் தலைப்பு. கையில் வாங்கும் சம்பளம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிவதால் ஊழியரும் சந்தோஷமாகவே வாங்கிக்கொள்கிறார்.

இந்த வழக்கத்துக்கு 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கடிவாளம் போட்டது. எல்லா ஊழியர்களுக்கும் பொதுவாகக் கொடுக்கும் படிகளை அடிப்படைச் சம்பளமாகவே கொள்ள வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அதன்படி மேலே சொன்ன ஊழியருக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு வரை, அதாவது மாதம் 1,800 ரூபாய் பிடிக்க வேண்டும். நிர்வாகமும் 1,800 கட்ட வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இன்னொரு பக்கமிருந்து நெருக்குகின்றன. விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளத்தோடு சேர்ந்துவிடும். நம் ஊழியருக்குப் பணிக்கொடைக் கணக்கு குறைந்தது 12,000 ரூபாயில் தொடங்கும். பத்தாண்டுக்கு 55,385 ரூபாய் என்பது 69,231 ஆகும். குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவருக்கு ஐந்தாண்டு காத்திருக்காமல் ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு என்பதும் புதிய தொகுப்பில் உள்ள நல்ல அம்சம். இந்தத் தொகுப்புகளை வேறு காரணங்களுக்காகத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. வேலைநிறுத்த உரிமை பற்றிய அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது. சம்பள வரையறை மட்டும் ஊழியர் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

பணிக்கொடையில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. வைப்பு நிதிபோல இது மாதாமாதம் வெளியே ஓரிடத்தில் போய்ச் சேர்வதில்லை. பல சிறு ஆலைகளில் இது கணக்குப் புத்தகத்தில் ஓர் எண், அவ்வளவுதான். ‘சிடிசி’ (ஊழியருக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று சொல்லி அடிப்படைச் சம்பளத்தின் 4.81 சதவீதத்தைப் பணிக்கொடை என்று எழுதிக் காட்டும் நிறுவனம் அந்தப் பணத்தை எங்கே வைத்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆலை மூடினால் தொழிலாளி வழக்குமன்றத்தில் நிற்க வேண்டியதுதான். கர்நாடகம் 2024இல் பணிக்கொடைக்குக் கட்டாயக் காப்பீட்டு விதிகளைக் கொண்டுவந்தது. தமிழ்நாடும் இதைச் செய்ய வேண்டும்.

ஊழியரின் நன்மைக்கென்றே யோசித்த திட்டமும் கேட்காமல் செய்தால் எப்படிக் கவிழும் என்பதற்கு 2016 ஏப்ரலில் பெங்களூரில் நடந்தது சாட்சி. அந்த ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு, வைப்பு நிதியில் நிர்வாகம் கட்டும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று அறிவித்தது. முதுமைக்கான சேமிப்பு முதுமை வரை இருக்கட்டும் என்பது வாதம். ஏட்டில் அது சரியாகவே பட்டது. ஆனால் ஆயத்த ஆடை ஆலையில் தையல் மிஷினில் உட்காரும் பெண் 58 வயது வரை அங்கே இருப்பதில்லை. முப்பதுகளில், நாற்பதுகளில் கண்ணும் முதுகும் விட்டுப்போய், அல்லது வீட்டுச் சூழலால், வேலையை விடுகிறாள். வட்டிக் கடனை அடைப்பதும் மகளைக் கல்லூரியில் சேர்ப்பதும் ஊரில் கூரையை மாற்றுவதும் அந்த பி.எஃப். பணத்தில்தான். அறிவிப்பு தொழிலாளர் காதுக்கு எட்டியபோது, எந்தப் பெரிய சங்கத்தின் அழைப்பும் இல்லாமலேயே, ஆயிரக்கணக்கான பெண்கள் ஓசூர் சாலையிலும் மற்ற நெடுஞ்சாலைகளிலும் இறங்கினார்கள். நகரம் இரண்டு நாள் ஸ்தம்பித்தது. அரசு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. திட்டம் வகுத்தவர்கள் ஓய்வூதியத்தை நினைத்தார்கள். அந்தப் பெண்கள் கணக்கு முடிக்கும் நாளை நினைத்தார்கள். தங்கள் வாழ்க்கையை அவர்கள்தான் சரியாக அறிந்திருந்தார்கள்.

கட்டிப்போடும் சலுகைகளுக்கு வருவோம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலி திட்டம்’ பரவலாக இருந்தது. பதின்வயதுப் பெண் மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும். முடிவில் திருமணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை. அது கூடுதலாகக் கிடைத்த பரிசே அல்ல. அவளுடைய சொந்தக் கூலியில் பிடித்துவைத்ததன் பெரும்பகுதிதான் பரிசுபோல் திரும்பி வந்தது. மூன்றாண்டு முடியும் முன் உடம்பு முடியாமல் வீடு திரும்பியவள் பலநேரம் வெறுங்கையோடு போனாள். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்ற 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், பயிற்சியாளர் என்ற பெயரால் அவளுக்குப் பயன்படாமல் போனது. 2011 முதல் வெளியான ஆய்வறிக்கைகளும் வெளிநாட்டுக் கொள்முதல் நிறுவனங்களின் நெருக்கடியும் அந்தப் பெயரை விலக்கின. பெயர் போனாலும், கூலியைப் பிடித்துவைத்துப் பின்னால் கொடுக்கும் எந்த ஏற்பாட்டையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கதை இன்னும் வலியானது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பாம்பே பர்மா நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலை அது. தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு நிர்வாகத்தின் பொறுப்பு. தலைமுறை தலைமுறையாக அந்த லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தார்கள். குத்தகை 2028இல் முடியப் போகிற நிலையில், 2024இல் விருப்ப ஓய்வு அறிவிப்பு வந்தது. வீட்டைக் காலி செய்யவும் சொன்னார்கள். வேலையோடு வீடும் ஊரும் பிள்ளையின் பள்ளியும் சேர்ந்து போகும் நிலை வந்தது. சட்டத்தை மீறி யாரும் எதுவும் செய்யாமலேயே இப்படி நடக்க முடிகிறது. பொருளாகக் கொடுக்கப்படும் சலுகையின் ஆபத்து அதுதான். மாதச் சம்பளத்தில் வீட்டுக்கென ஒரு பங்கு சேமிப்பாகவோ மனையாகவோ சேர்ந்திருந்தால், மூன்று தலைமுறை உழைப்புக்கு மலையடிவாரத்தில் ஒரு சொந்தக் கூரையாவது மிஞ்சியிருக்கும்.

விடுதியும் இந்த வகைதான். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்ட உணவால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் நடந்தது. ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. அதன்பின் 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு திறக்கப்பட்டது, செலவு 706.50 கோடி ரூபாய். ஒப்பந்தக்காரர் கையில் இருந்த விடுதியை அரசே பொறுப்பெடுத்துக் கட்டியது வரவேற்கத்தக்கது. அங்கே உணவுக் குழுவில் குடியிருக்கும் பெண்களுக்கே இடம் இருக்க வேண்டும். சாப்பாட்டின் ருசியும் கழிவறையின் நிலையும் அவர்களுக்குத்தான் தெரியும்.

மருத்துவத்தில் இந்தியா 1952இலேயே ஒரு நல்ல அமைப்பைத் தொடங்கிவிட்டது. கான்பூரிலும் டெல்லியிலும் ஆரம்பித்த இ.எஸ்.ஐ. இன்று ஊழியரிடம் 0.75 சதவீதமும் நிர்வாகத்திடம் 3.25 சதவீதமும் வாங்குகிறது. அதற்கு ஊழியரின் பெற்றோர் வரை சிகிச்சை, நோய்க்காலத்தில் 70 சதவீதம் சம்பளம், 26 வாரப் பேறுகாலச் சம்பளம் எல்லாம் தருகிறது. மருந்தகத்தில் கூட்டம், ரெஃபரல் கடிதத்துக்கு அலைச்சல் என்று குறைகள் உண்மை. ஆனால் அதன் பெரிய குறை வேறு: 21,000 ரூபாய் சம்பள உச்சவரம்பு 2017இலிருந்து அசையவில்லை. 20,800 வாங்குபவருக்கு ஆயிரம் ரூபாய் சம்பள உயர்வு வந்தால், அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் அவர் வெளியே. அப்பாவின் டயாலிசிஸ் இ.எஸ்.ஐ.யில் நடந்துகொண்டிருந்தால், அந்த உயர்வைச் சந்தோஷமாக வாங்க முடியுமா? அதற்குப் பதிலாகக் கம்பெனி கொடுக்கும் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துபோகும். பெற்றோரைச் சேர்க்கத் தனிப் பிரீமியம் கேட்பதும் உண்டு. பேறுகாலத்திலும் இதே கோளாறு. இ.எஸ்.ஐ.க்குள் இருப்பவருக்குச் செலவு எல்லோருடைய பங்களிப்பிலிருந்தும் போகிறது. அதற்கு மேல் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு 26 வாரச் சம்பளம் முழுவதையும் அந்த ஒரு நிறுவனமே சுமக்க வேண்டும். இளம்பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்கும் சின்ன நிறுவனத்தைத் திட்டுவதைவிட, செலவைப் பொதுநிதியில் சேர்ப்பதே சரியான வழி.

ஊக்கத்தொகை, விருது, பரிசு பற்றி மேலாண்மை உலகில் எழுதப்பட்டவை மலைபோல் இருக்கின்றன. அவற்றில் இரண்டு பாடங்கள் எனக்குப் போதும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி கிளை ஊழியர்களுக்கு விற்பனை இலக்கு வைத்தது. எட்ட முடியாதவர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் விஷயம் வெளிவந்தபோது சுமார் 5,300 பேர் வேலையிழந்திருந்தார்கள். எதை எண்ணிப் பரிசு கொடுக்கிறோமோ அது பெருகும். அது நேர்மையான வேலையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டாவது, பெங்களூரின் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் ஆலைகளில் நடந்த ஆய்வு. தையல் தொழிலாளர் பெண்களுக்குப் பேச்சுத்திறன், நேர மேலாண்மை, பிரச்சினையைத் தீர்க்கும் முறை ஆகியவற்றில் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி முடிந்த எட்டு மாதத்தில் நிறுவனத்துக்குச் செலவைக் கழித்து 250 சதவீத வருவாய் வந்ததாகப் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்தத் திறன் வேலையை விட்டபின்னும் அந்தப் பெண்ணிடமே இருக்கும். இரு தரப்புக்கும் லாபமான சலுகைகள் உண்டு; அவை மேடையில் கொடுக்கும் கேடயம்போல் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பங்கு ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் நுழைந்தபோது 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனதாக நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் சொன்னார். பெருமைப்பட வேண்டிய நிகழ்ச்சி. ஆனால் பட்டியலிடப்படாத ஸ்டார்ட்அப் ஒன்றில் பங்கு தருவதாகச் சொல்லிச் சம்பளத்தைக் குறைத்தால், கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் கேட்க வேண்டும்: பங்கு எத்தனை ஆண்டில் முழுதாகச் சொந்தமாகும்? வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும்? விற்கும் முன்பே வரி கட்ட நேருமா? பல ஒப்பந்தங்களில் இரண்டாவது கேள்விக்குப் பதில் மூன்று மாதம்தான்.

செலவே இல்லாத சலுகையும் உண்டு. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. ஜவுளிக் கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் நரம்பு சுருண்டவர்களுக்கு அது எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்டூல் இருந்தும் உட்கார்ந்தால் முறைக்கும் மேற்பார்வையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மனிதவள அலுவலர்களிடம் என் வேண்டுகோள் சின்னது. சம்பளச் சீட்டின் அடியில் மூன்று வரி சேருங்கள்: இன்று வரை சேர்ந்த பணிக்கொடை, வைப்பு நிதியில் இந்த மாதம் உண்மையில் வரவான தொகை, இன்று வேலையை விட்டால் எந்தக் காப்பீடு எந்தத் தேதியில் முடியும் என்பது. கூடுதல் செலவு எதுவும் இல்லை. அதன்பின் எந்தச் சலுகை வேண்டும் என்று ஊழியர்களே தெளிவாகப் பேசுவார்கள்.

வாசிக்கும் ஊழியர்களுக்கும் ஒன்று. வைப்பு நிதிக்கான யுஏஎன் கணக்கைத் திறந்து நாமினி யார் என்று பாருங்கள். வைப்பு நிதியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் அந்தப் பெயருக்குத்தான் போகும். திருமணத்துக்கு முன் எழுதிய நாமினி, திருமணத்தோடு செல்லாமல் போய்விடும். புதிதாக எழுத வேண்டும்.